வெறும் வயிற்றில் 286

திருவொற்றியூர் தேரடியில்
மருந்துக்கடை மாடியில் இருக்கிறது எங்கள் லேப்.
ஆறரைக்கு ஷட்டரைத் தூக்கும்போதே
வெறும் வயிற்றோடு படியில் உட்கார்ந்திருப்பார்கள்.
நான் எடுப்பது இரண்டு மில்லி.
அதற்குள் மகள் கல்யாணக் கடன் வரை
சொல்லி முடித்துவிடுவார்கள்.

கன்னியப்பன் டோல்கேட்டில் ஜூஸ் வண்டி போடுகிறவர்.
ஜூன் மாதம் அவருக்கு 286.
"ஊருக்கே சக்கர போட்டுக் குட்த்தேன் மேடம்,
மிச்சம் எனுக்கு வந்துடுச்சி."

ஆடியில் நாவல் பழம் வந்தது.
ஊதா நாக்கைக் காட்டிச் சிரித்தார்.
சதையில் ஒன்றுமில்லையாம்,
கொட்டையில்தான் சூட்சுமமாம்.
பிழிந்து மிஞ்சியதையெல்லாம் அலசி
எர்ணாவூர் வீட்டு மொட்டைமாடியில்
யாருடைய மஞ்சள் நீராட்டு விழா பேனர் மேலோ
காயப் போட்டார்.
மூன்றாம் நாள் கொட்டைகள் வெளுத்திருந்தன.
பூஞ்சை இல்லை.
அனல்மின் நிலையத்துச் சாம்பல்.
கழுவினார். காயவைத்தார். மறுபடி சாம்பல்.
லாரித் தண்ணீர் இரண்டு குடம் போனது.
மூன்றாம் குடத்தைத் தூக்கியபோது தேசம்மா,
அவர் மனைவி,
கொசுவலையைக் கழற்றிக்கொண்டு வந்து
பேனர் மேல் விரித்துவிட்டுப் போனாள்.
அந்த வாரம் கொசுக்கள் அவர்களைத் தின்றன.

பாலிஃபீனால் என்ற சொல்லைப்
பரீட்சைக்கு எழுதி மறந்தவள் நான்.
இரவு போனில் தேடினேன்.
எலிகளுக்குக் குறைந்திருக்கிறது.
சில மனிதர்களுக்கும், கொஞ்சம்,
சின்னச் சின்னக் குழுக்களில்.
திராட்சை விதை, மாதுளை விதை, பப்பாளி விதை,
எல்லாவற்றின் அடியிலும்
மேலும் ஆய்வு தேவை என்ற ஒரே பல்லவி.
ஆப்பிள் விதையில் மட்டும் கொஞ்சம் நஞ்சு.
எங்கள் தெருவில் பரவாயில்லை,
காய்ச்சல் வந்தால்தான் ஆப்பிள்.

ஒன்று மட்டும் தூங்கவிடவில்லை.
அந்தத் துவர்ப்பை மரம் நமக்காகச் செய்யவில்லை.
புழு வந்தால் ஓட மரத்துக்குக் கால் கிடையாது.
நின்ற இடத்திலேயே நின்று
பிள்ளையைக் கசப்பில் பொதிந்து வைக்கிறது.
நாம் அதைத் திருடி
வெந்நீரில் கலக்கிக் குடிக்கிறோம்.

கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே
வண்டியைத் தள்ளும்போது
கன்னியப்பன் வாயில் வருமே ஒரு வார்த்தை,
அச்சில் ஏற்ற முடியாதது,
அதுவும் அப்படிச் சுரந்ததுதானோ என்னவோ.

செப்டம்பரில் 174.
"கொட்டதான்" என்றார், தாளைத் தட்டி.
இரண்டு வேளை மாத்திரை போட்டீரே.
சொந்த ஜூஸைக் குடிப்பதை விட்டீரே.
கொட்டை பொறுக்கத் தினமும்
மார்க்கெட் வரை நடந்தீரே.
கேட்கவில்லை, நினைத்துக்கொண்டேன்.
மெஷின் எண்ணைச் சொல்கிறது,
யாருக்கு நன்றி என்று அச்சடிப்பதில்லை.

அடுத்த வாரம் வண்டியில்
ஹார்லிக்ஸ் பாட்டில்கள் வரிசையாக நின்றன.
நாவற்கொட்டைத் தூள், நூறு கிராம் எண்பது ரூபாய்.
பையிலிருந்த மார்க்கரை எடுத்து
ஒவ்வொன்றிலும் எழுதினேன்,
ரத்தக் குழாய்களில் பெயர் எழுதும் அதே மார்க்கர்:
டாக்டர் குடுத்த மாத்திரையை நிறுத்தாதே.
"இப்டி எய்தினா எவன் வாங்குவான்?"
முறைத்தார்.
துணியை நனைத்தார்.
வண்டிப் பலகையைத்தான் துடைத்தார்.

தீபாவளி வரை மூன்று பாட்டில் அப்படியே நின்றன.
ஒன்றை நான் வாங்கினேன்.
எனக்குச் சர்க்கரை இல்லை.
இன்னும் இல்லை.
நுனிநாக்கில் வைத்தேன்.
முதலில் துவர்ப்பு, பிறகு கசப்பு,
கடைசியில் கடைவாயில்
நறநறவென்று ஏதோ ஒன்று.
விதையா, சாம்பலா?
அதற்கு எங்கள் லேபில் டெஸ்ட் இல்லை.